தரை ஆடவில்லை, கோமு

என் கோமு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்துவிட்டேன். பதினோரு வருடம் தினமும் காலையில் பஸ் ஏறியதும் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நீ ஒரு நாள்கூட ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "இருக்கேன்டி, முதல்ல உக்காரு" என்று பக்கத்து சீட்டில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாய்.

இப்போதும் அதே துவாக்குடி பஸ்தான். பாலக்கரையில் ஏறுகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே நிறைந்து வருகிறது. எனக்கு இடம் பிடித்து வைக்க ஆளில்லாததால் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போகிறேன். கால் வலிக்கும்போது உன் மேல் கோபம் வருகிறது. செத்துப்போனவள் மேல் இதற்கெல்லாமா கோபப்படுவார்கள் என்று கேட்காதே. படுகிறேன்.

செய்திகளைப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போன வாரம் உன் வீட்டுக்காரர் சேது அண்ணாவிடம் ஒரு பொய் சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் நம் பட்டறைக்கு வந்தார். உன் லாக்கர் சாவி வீட்டில் ஏதோ டப்பாவில் கிடைத்ததாம், கொடுத்துவிட்டுப் போக வந்தேன் என்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு சாவிக்காக யாராவது வருவார்களா? உன் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது. ஆறும்வரை தொடவில்லை.

"ஹசீனா, ஒண்ணு கேக்கணும். அவளுக்குக் கை நடுக்கம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏண்ணா, இப்பப் போயி?"

"மெடிக்கல் ஷாப்ல நிக்கறவன் நான். எவன் வந்து மாத்திரை கேட்டாலும், எத்தனை நாளா இருக்குன்னுதான் முதல்ல கேப்பேன். அந்தக் கேள்விய வீட்ல ஒரு தடவை கேக்கலியே. டாக்டர்கிட்ட ரெண்டு மாசம்னு சொன்னா. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. நீங்க கூடவே இருந்தீங்களே."

"தெரியலண்ணா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினார். என் முதுகுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் அவர் கேட்டதற்குப் பதில் தேதியோடு இருந்தது. அது தெரிந்துதான் தெரியவில்லை என்றேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன், அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. ஆனால் அவருக்கு நம் வேலையைப் பற்றி என்ன தெரியும்? நீ லேசர் மெஷின் பிடிக்கிறாய், நான் கம்ப்யூட்டர் தட்டுகிறேன், அவ்வளவுதான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வாரம் முழுக்க பஸ்ஸில் நின்றபடி ஒத்திகை பார்த்தேன். அந்த ஒத்திகையை இப்போது உன்னிடமும் சொல்கிறேன். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று சிரிக்காமல் கேள்.

நீ கையில் பிடிக்கிற லேசர் ஸ்கேனர், அளவெடுக்க வேண்டிய இரும்பின் மேல் ஒரு சிவப்புக் கோட்டைப் போடும். மேடு இருந்தால் கோடு ஒரு பக்கம் வளையும், பள்ளம் இருந்தால் மறுபக்கம் வளையும். உள்ளே இருக்கும் கேமரா அந்த வளைவைப் படித்துக்கொண்டே இருக்கும். நீ கையை நகர்த்த நகர்த்தக் கோடுகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்து, இரும்பின் பரப்பு அப்படியே திரையில் எழும். இரும்பு அசையாது, கை அசையும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் கை ஒரு மயிரிழை ஆடினால்கூட அந்தக் கோடு தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். தட்டையான தகடு, பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி சுருக்கம் சுருக்கமாகத் தெரியும்.

அதை நிமிர்த்துவது என் வேலை. ஸ்கேனருக்குள் அசைவைப் பதிகிற சின்னச் சில்லு ஒன்று உண்டு. அது போக நீ ஒரு தடவை மேலிருந்து கீழாகவும், இன்னொரு தடவை இடமிருந்து வலமாகவும் ஓட்டுவாய். இரும்பில் ஒரு புள்ளி இரண்டு ஓட்டத்திலும் ஒரே இடத்தில்தான் வர வேண்டும். தள்ளி வந்தால் அந்தத் தள்ளல் கையுடையது. இவற்றை வைத்து என் புரோகிராம் உன் கை போன பாதையைக் கண்டுபிடிக்கும், கண்டுபிடித்ததைக் கழித்துவிடும். மிஞ்சுகிற இரும்பை வாடிக்கையாளருக்கு அனுப்புவோம். கழித்த கையை யார் கேட்கப் போகிறார்கள்? அது ஒரு ஃபைலாக என் டிஸ்க்கில் கிடக்கும்.

உன் கைப்பாதையை நான் எத்தனை நூறு தடவை பார்த்திருக்கிறேன் தெரியுமா? உன் கையெழுத்தைக் காட்டினால் சந்தேகப்படுவேன், பாதையைக் காட்டினால் உடனே சொல்லிவிடுவேன். ஓட்டம் ஆரம்பிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாய். முடிந்ததும் ஸ்கேனரை அணைக்காமலே மூச்சை விடுவாய். அங்கே மட்டும் பாதை மெதுவாக ஏறி இறங்கும். அணைத்துத் தொலையேன், எனக்கு வேலை அதிகமாகிறது என்று எத்தனை தடவை திட்டினேன். நீ கேட்டதே இல்லை.

இனி மண்ணச்சநல்லூர்.

போன வருடம், அறுவடை முடிந்த தை மாதம். அரிசி ஆலையில் பாலிஷ் போடும் யந்திரத்தின் உருளை தேய்ந்துபோய், பழைய வரைபடமும் இல்லாமல், நம்மை அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். சீசன் நேரம், மில்லை நிறுத்த மாட்டோம் என்றுவிட்டார்கள். பக்கத்தில் நெல் சலிக்கிற பெரிய சல்லடை தடதடவென்று ஆட, தவிட்டுப் புழுதிக்கு நடுவில் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நீ ஸ்கேன் எடுத்தாய். திரையில் பார்த்தால் உருளை முழுக்கப் பொடிப் பொடியாக அலை. நொடிக்கு நான்கு அலை, ஒரே சீராக.

"தரை ஆடுதுடி. சல்லடையப் பாரு, என் பல்லே ஆடுது" என்றாய்.

நானும் பார்த்தேன். சல்லடையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. நீ நின்றதும் அந்தத் தரையில்தான். சரியாகப் பொருந்தியது. இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தச் சீரான ஆட்டத்தைத் தனியாகப் பிரித்துக் கழிக்கிற மாதிரி புரோகிராமில் ஒன்றைச் சேர்த்தேன். டிக் அடித்தால் வேலை செய்யும், எடுத்தால் செய்யாது. அதற்கு 'மில் தரை' என்று பெயர் வைத்தேன். டிக் அடித்ததும் உருளை பளிச்சென்று வந்து நின்றது. நீ என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "பொழச்சுக்குவ" என்றாய்.

தரைதான் ஆடியது என்று அன்றைக்கு நீ உண்மையிலேயே நம்பினாயா, கோமு? இதை நான் உன்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து, துவாக்குடி முழுக்க மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே கரண்ட்டை நிறுத்தினார்கள். லேத் எதுவும் ஓடவில்லை. பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் சத்தம்கூட இல்லை. முதலாளி மதியம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பேட்டரியில் நீ ஒரு தகடு ஸ்கேன் எடுத்தாய். அவசரத்தில் நான் பழைய 'மில் தரை' டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். தகடு பளிச்சென்று வந்தது. மறந்தது நினைவுக்கு வந்து டிக்கை எடுத்தேன். தகடு முழுக்கப் பொடிப் பொடியாக அலை. நொடிக்கு நான்கு.

மறுபடி டிக் அடித்தேன். பளிச். மறுபடி எடுத்தேன். அலை. நம் பட்டறையில் சல்லடை கிடையாது. அன்றைக்குக் காற்றாடிகூடச் சுற்றவில்லை.

நீ ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாய். மூடி திறக்காமல் இரண்டு தடவை வழுக்கியது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். நீ மறைக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"காபி ஜாஸ்தியாயிடுச்சுன்னு நெனச்சேன். விட்டுப் பாத்தேன், போகல. ஹசீ, யாருகிட்டயும் சொல்லாத. இந்த மெஷின என் கையில குடுக்கறதுக்கு நான் எவ்வளவு பேச்சு கேட்டேன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். பில் எழுதுகிற மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவள் நீ. ஸ்கேனர் பிடித்த ஆள் துபாய்க்குப் போனதும், நான் எடுக்கிறேன் சார் என்று எழுந்து நின்றாய். "பொம்பளைங்க ரெண்டு கிலோ மெஷினப் புடிச்சுக்கிட்டு அரை நாள் நிக்க முடியுமாம்மா? கை ஆடிடும்" என்றார் முதலாளி. ஆடினால் இவ நிமிர்த்துவா என்று என்னைக் கை காட்டினாய். அன்றிலிருந்து அதுதான் நம் ஒப்பந்தம். நீ பிடி, நான் நிமிர்த்துகிறேன்.

"டாக்டரயாவது பாருடி" என்றேன்.

"பாக்கறேன், பாக்கறேன். மகாராணிக்கு இப்ப பஸ் வருது, ஏறுங்க."

அதற்குப் பிறகு எத்தனை தடவை ஞாபகப்படுத்தினேன்? மூன்று. எண்ணி மூன்றே தடவை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட அதைவிட அதிகம் பேசுகிற வாய் இது.

ஏன் விட்டேன் என்று சொல்கிறேன். நீ கேட்டுக்கொண்டதால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் கை ஆட ஆட என் புரோகிராம் வளர்ந்தது. நடுக்கம் ஒரு படி ஏறினால் நானும் ஒரு படி ஏறினேன். என்ஜினியரிங் காலேஜிலிருந்து ஆட்கள் வந்து, கையால் எடுத்த ஸ்கேனா இது என்று வாயைப் பிளந்தபோது, முதலாளிக்குப் பக்கத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நீ பின்னால் நின்று கைதட்டினாய். உன்னுடைய நோயில் நான் பேர் வாங்கிக்கொண்டிருந்தேன், கோமு.

அதையும்கூட மன்னித்துக்கொள்வேன். மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது.

வைகாசியில் ஒரு நாள். பெரிய வால்வு ஒன்றை ஸ்கேன் எடுத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாய். திரையில் வழக்கம் போல நான் நிமிர்த்தி முடித்த பரப்பு. கண்ணாடி மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தாய், முகம் மலர்ந்துவிட்டது.

"ஏய், அலையே இல்ல பாரு. கொறஞ்சுட்டு வருதுல்ல? நான்தான் சொன்னேனே, தானா சரியாயிடும்னு."

ஆட்டம் குறையவில்லை. தை மாதத்தைப் போல மூன்று மடங்கு ஆகியிருந்தது. எல்லாவற்றையும் நான்தான் கழித்திருந்தேன். ஒரு டிக்கை எடுத்துக் காட்டியிருந்தால் போதும். உன் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? தொழுகையில் நின்றாலும் அது வந்து நிற்கிறது. மூன்று தடவை டாக்டரிடம் போகச் சொன்னேன், ஒரு தடவை ஆமா என்றேன். நீ எதை நம்பினாய் என்பது தெரிந்ததுதானே.

புரட்டாசியில் நீ குளியலறையில் விழுந்தாய். தில்லைநகர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளைப் பக்கம் கட்டி. டாக்டரின் அறையில் அண்ணா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் நீ. "கை நடுக்கம் எத்தனை நாளா இருக்கும்மா?" என்றார் டாக்டர். "ரெண்டு மாசமா சார்" என்றாய். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்காமல் எழுதத் தொடங்கிவிட்டார். முன்னாடியே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ இருந்திருப்பாயா? ஒன்றும் மாறியிருக்காதா? அந்த வாக்கியத்தின் மீதி எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள், பொருளெல்லாம் எடுத்துப் போக வேண்டும் என்று பட்டறைக்கு வந்தாய். பொருள் என்ன, ஒரு டம்ளரும் ஒரு ஸ்வெட்டரும்தான். அதை எடுத்த பிறகும் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"ஹசீ, சரி பண்ணாம ஒரு தடவை காட்டேன்."

மறுக்க முடியவில்லை. அந்த வைகாசி மாத வால்வை எடுத்து, டிக்கை எல்லாம் நீக்கிக் காட்டினேன். கொந்தளிக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது திரை. வெகுநேரம் பார்த்தாய்.

"இவ்வளவாடி?"

வால்வைத் திரையில் மெல்லத் திருப்பி மறுபக்கத்தையும் காட்டினேன்.

"கொறஞ்சிருக்கான்னு கேட்டப்ப ஆமான்னியே."

என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். உன் நடுக்கத்தில் என் கையும் சேர்ந்து நடுங்கியது. "நல்லாத்தான் நிமிர்த்தியிருக்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாய். அது பாராட்டா, குத்தலா? ஆட்டோவில் ஏறும்போதும் கேட்க நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய்களோடு நீ படுத்திருந்த ஐந்து வாரமும் கேட்க நினைத்தேன். கார்த்திகையில் உன்னை அம்மா மண்டபத்துப் படித்துறையில் கரைத்தபோது, ஆண்கள் கூட்டத்துக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி யாரிடம் கேட்பது?

இவ்வளவுதான் ஒத்திகை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன்.

பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. காவிரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. மேலூர் ரோட்டில் இறங்கி உன் மாடிப் படி ஏறினேன். அண்ணா துணி மடித்துக்கொண்டிருந்தார். உன் புடவைகளை இன்னும் துவைத்து மடித்து வைக்கிறார், தெரியுமா?

"வாங்க ஹசீனா. காபி போடட்டா?"

"வேணாம்ணா. போன வாரம் நீங்க கேட்டதுக்குத் தெரியலன்னு சொன்னேன். தெரியும்."

கையில் இருந்த துணியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வாரம் முழுக்கப் பார்த்த ஒத்திகை பாதியிலேயே மறந்துவிட்டது. தத்துப்பித்தென்று சொன்னேன். ஆனால் எதையும் விடவில்லை. மில் தரை, கரண்ட் இல்லாத நாள், பஸ் ஸ்டாப், வைகாசி, ஆமா. எல்லாம் சொன்னேன். பழைய ஃபைல்களை வரிசையாகத் திறந்து காட்டினேன். போன வாரம் தேடியபோதுதான் எனக்கே தெரிந்தது, மில்லுக்கு ஆறு மாதம் முன்பே, ஆடியில் நீ எடுத்த ஒரு பம்ப் உறையில் அந்த நொடிக்கு நான்கு இருக்கிறது. ரொம்பப் பொடியாக. அதுதான் முதல். டாக்டரிடம் போனதற்குப் பதினான்கு மாதம் முன்னால்.

அண்ணா தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், ஃபோன் பக்கத்தில் இருக்கும் பேனா ஸ்டாண்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மூன்று புதுப் பேனாக்கள். மூன்றும் வேறு வேறு மாதிரி.

"அந்த வருஷ தீபாவளிக்கு முன்னாடி. பேங்க்ல அவ கையெழுத்து பொருந்தலன்னு ஃபாரத்தத் திருப்பி அனுப்பிட்டாங்க. பேனா சரியில்லன்னு நான்தான் சொன்னேன். ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அதுலயும் வரல. வேற வாங்கினேன். மூணு பேனா வாங்கினேன் ஹசீனா. மூணு. எத்தனை நாளா இப்படி எழுதறேன்னு கேக்கல."

அழுதார். நானும் அழுதேன். ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு அவர் சொன்னார். சத்தம் போடவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பேனா வாங்கினது என் அறியாமை. நீங்க அறிஞ்சு செஞ்சீங்க. அவ கேட்டப்ப நீங்க ஆமான்னு சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுண்ணா" என்றேன்.

லேப்டாப்பை மூடப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். பம்ப் உறையின் பாதை திறந்தே இருந்தது. அதில் ஓர் இடத்தைக் காட்டி, "இது என்ன, இங்க மட்டும் மெதுவா ஏறி எறங்குது?" என்றார்.

"அது மூச்சுண்ணா. ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும் விடுவா. மெஷின அணைக்க மாட்டா. அதனால அதுவும் பதிஞ்சிருக்கு."

திரைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய், தொடாமல், ஒவ்வொன்றாக எண்ணினார். பதினேழு வந்தது. முடிந்ததும் முதலிலிருந்து எண்ணினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது, "வரேண்ணா" என்றேன். எப்போதும் போயிட்டு வாங்க என்று சொல்கிறவர், "சரி" என்றார். அது எனக்கு வேண்டியதுதான். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகு மேலேயிருந்து கூப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஹசீனா, அந்த ஃபைலையெல்லாம் அழிச்சிடாதீங்க."

இரண்டு வருடம் ஆன வேலைகளின் மூல ஃபைல்களை அழித்துவிடுவது நம் பட்டறை வழக்கம் என்று உனக்குத் தெரியும். பம்ப் உறையின் முறை வந்துவிட்டது. முதலாளி போன மாதமே, டிஸ்க் நிரம்புதும்மா, பழசைத் தூக்குங்க என்றார். இன்று காலையில் போய், கோமதி எடுத்ததைத் தூக்க மாட்டேன் சார் என்று சொன்னேன். ஏன் என்றார். காரணத்தையும் சொன்னேன். மேசையில் இருந்த ஸ்கேனரைத் திரும்பிப் பார்த்தவர், "தனி டிஸ்க் ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார். கை ஆடிடும் என்று அன்றைக்குச் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும் போல.

இனி செய்தி. உன் இடத்துக்கு மணப்பாறையிலிருந்து திவ்யா என்று ஒருத்தி வந்திருக்கிறாள். கை கல் மாதிரி. என் புரோகிராமுக்குப் பாதி நாள் வேலையே இல்லை. ஓட்டம் முடிந்ததும் ஸ்கேனரை ஒழுங்காக அணைத்துவிடுகிறாள், அதனால் மூச்சு எதுவும் பதிவதில்லை. போன வாரம் அவளை மண்ணச்சநல்லூர் மில்லுக்கு அழைத்துப் போனேன். சல்லடை அதே மாதிரி தடதடத்துக்கொண்டிருந்தது. அவள் எடுத்ததில் தரையின் ஆட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது உன்னுடையதைவிட எவ்வளவு சின்னது என்று பார்த்தபோது, அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

புரோகிராமை மாற்றியிருக்கிறேன். இப்போதெல்லாம் பரப்பை நிமிர்த்துவதற்கு முன்னால், பிடித்தவரின் கைப்பாதை திரையில் வந்து நிற்கும். அவர் பார்த்துவிட்டு அமுக்கினால்தான் மேலே போகும். திவ்யாவுக்கு எரிச்சல். "என் கைய எனக்கே எதுக்கு மேடம் காட்றீங்க?" என்கிறாள். பார்த்துக்கோம்மா என்கிறேன். 'மில் தரை' என்ற டிக்கைப் புரோகிராமிலிருந்தே எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் உன் முதல் வருடத் திதி. அண்ணா கூப்பிடுவாரா தெரியாது. கூப்பிடாவிட்டாலும் படித்துறை வரை வந்து, போன தடவை நின்ற இடத்திலேயே நிற்பேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்தக் கை ஆடினாலும், முதலில் அந்தக் கைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் நிமிர்த்துவேன். கேட்டால் கசந்தாலும் உள்ளதைச் சொல்வேன். உன் ஃபைல்களை மட்டும் இனி நிமிர்த்தவே மாட்டேன், கோமு. உன் கை ஆடியபடியே இருக்கட்டும்.

பாலக்கரை ஸ்டாப்பில் இன்னும் உன் பஸ்ஸுக்காக நிற்கிற,
உன் அம்மா பெறாத தங்கை
ஹசீனா